அதிபர் ஒப்பமிட மறுத்தால்: அமெரிக்க வீட்டோவும் அதை முறியடிக்கும் வழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோ என்பது சட்டப்படி என்ன?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு அவைகள் உண்டு. ஒன்று 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபை, மற்றொன்று 100 உறுப்பினர்கள் கொண்ட செனட். இரண்டும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றிய மசோதா, சட்டமாவதற்கு முன் அதிபரிடம் போயாக வேண்டும். அவர் ஒப்பமிட்டால் அது சட்டமாகிவிடும். ஒப்பமிட மறுத்து, மறுப்புக்கான காரணங்களை எழுதி, மசோதா எந்த அவையில் தோன்றியதோ அந்த அவைக்கே திருப்பி அனுப்பினால் அதுதான் வீட்டோ. அரசியலமைப்பின் முதல் உறுப்பில் ஏழாம் பிரிவு இந்த நடைமுறையை வகுத்திருக்கிறது.

இந்த மறுப்பு இறுதியானதல்ல. இரு அவைகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அதே மசோதாவை மறுபடியும் நிறைவேற்றினால், அதிபரின் ஒப்பம் இல்லாமலேயே அது சட்டமாகும். ஏட்டில் இரு தரப்புக்கும் சமமான ஆயுதம் போலத் தோன்றினாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் தராசு அதிபர் பக்கமே சாய்கிறது. எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், செனட்டில் 34 பேர் அதிபரோடு நின்றால் போதும். காங்கிரஸில் மீதமுள்ள 501 பேரும் எதிர்த்தாலும் வீட்டோ நிலைத்துவிடும்.

ஒரு மசோதா வந்து சேர்ந்தால் அதிபர் என்னென்ன செய்யலாம்?

ஒப்பமிடலாம், காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதன் விளைவு காங்கிரஸ் கூட்டத்தொடரில் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்தது. பத்து நாள் கழியும்போது காங்கிரஸ் கூடியிருந்தால், ஒப்பமில்லாமலேயே மசோதா சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போயிருந்தால் மசோதா காலாவதியாகிவிடும். இரண்டாவதற்குப் பாக்கெட் வீட்டோ என்று பெயர். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்து நாள் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் வராது. மசோதா வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்த நாளும் கணக்கில் வராது. அவைகள் மசோதாவை நிறைவேற்றிய நாளிலிருந்து எண்ணக்கூடாது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறைவேறிய மசோதாவின் இறுதிப் படியைத் தயாரித்து, இரு அவைத் தலைவர்களும் ஒப்பமிட்டு, அதிபரிடம் ஒப்படைத்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எப்போது ஒப்படைப்பது என்பது காங்கிரஸின் கையில் இருப்பதால், அந்த இடைவெளியும் சில நேரங்களில் அரசியல் கணக்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவு எங்கிருந்து வந்தது?

1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை வகுக்கக் கூடியவர்களுக்கு, தடுக்கும் அதிகாரம் ஒரே மனிதரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பது அனுபவத்தில் தெரியும். 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் ஆங்கிலேய மன்னர் மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் முதலாவதே, மக்கள் நலனுக்குத் தேவையான சட்டங்களுக்கு அவர் ஒப்புதல் தர மறுத்தார் என்பதுதான். பென்சில்வேனியாவில் காலனி ஆட்சிக் காலத்து ஆளுநர்கள், தங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் எந்த நல்ல சட்டத்துக்கும் ஒப்பமிடுவார்கள் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தக் கூட்டத்தில் எழுந்து நினைவூட்டினார். அதிபருக்கு முழுமையான, மீற முடியாத மறுப்பு அதிகாரம் தர வேண்டும் என்று ஜேம்ஸ் வில்சனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் கேட்டதை ஒரு மாநிலக் குழுகூட ஆதரிக்கவில்லை.

அதே நேரத்தில், மறுப்பு அதிகாரமே இல்லாத அதிபர் சட்டமன்றத்தின் எடுபிடியாகிவிடுவார் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. நீதிபதிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு மறுஆய்வுக் குழு அமைக்கலாம் என்ற ஜேம்ஸ் மேடிசனின் யோசனை எடுபடவில்லை. முதலில் மூன்றில் இரண்டு பங்கு என்று முடிவானதை இடையில் ஆகஸ்டில் நான்கில் மூன்று பங்கு என்று மாற்றினார்கள். கூட்டம் முடியும் தறுவாயில், செப்டம்பரில், அது கடுமையாக இருக்கிறது என்று மீண்டும் மூன்றில் இரண்டுக்கே இறங்கினார்கள். அதாவது இந்த அளவு பேரம் பேசி, ஏற்றி இறக்கி வந்து நின்ற ஓர் எண். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எண்ணைச் சுற்றியே இந்த அரசியல் முழுவதும் நடக்கிறது.

காங்கிரஸ் நிறைவேற்றும் எல்லாமே அதிபரிடம் போகுமா?

போகாது. ஓர் அவை தன் நடைமுறை பற்றி நிறைவேற்றிக்கொள்ளும் தீர்மானங்களும், சட்ட வலிமை இல்லாமல் இரு அவைகளும் சேர்ந்து கருத்தாக வெளியிடும் தீர்மானங்களும் போக வேண்டியதில்லை. இரு அவைகளின் கூட்டுத் தீர்மானம் என்ற வகை மசோதாவுக்குச் சமம் என்பதால் அது போக வேண்டும். அரசியலமைப்புத் திருத்தங்கள் கூட்டுத் தீர்மானமாக வந்தாலும் அதிபரின் ஒப்புதல் தேவையில்லை. நேராக மாநிலங்களுக்குப் போகும். உச்ச நீதிமன்றம் 1798-லேயே இதைத் தீர்த்துவைத்துவிட்டது.

வீட்டோ செய்யப்பட்ட மசோதா திரும்பி வந்ததும் அவையில் என்ன நடக்கிறது?

அதிபரின் மறுப்புச் செய்தி அவையில் முன்வைக்கப்பட்டு, அவைக் குறிப்பேட்டில் முழுமையாகப் பதியப்படுகிறது. பிறகு அவைத் தலைவர் கேட்கும் கேள்வி, அதிபரின் ஆட்சேபங்கள் எப்படி இருப்பினும் இந்த மசோதாவை மறுபரிசீலனைக்குப் பின் இந்த அவை நிறைவேற்றுகிறதா என்பது. இந்தக் கட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதிபருக்குப் பிடிக்காத ஒரு பிரிவை நீக்கிவிட்டு மற்றதை நிறைவேற்றலாம் என்றால், அதற்குப் புதிய மசோதாவைத்தான் கொண்டுவர வேண்டும்.

வாக்கெடுப்பில் குரல் வாக்குக்கு இடமில்லை. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று ஒவ்வொரு பெயரும் பதிவாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. சட்டங்களில் பல பெயர்ப் பதிவே இல்லாமல் நிறைவேறிவிடும் நாட்டில், இந்த ஒரு வாக்கை மட்டும் எந்த உறுப்பினரும் மறைத்துக்கொள்ள முடியாது. முதல் அவையில் மூன்றில் இரண்டு கிடைத்தால்தான் மசோதா இரண்டாவது அவைக்குப் போகும். கிடைக்காவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

பலர் அறியாத ஒன்று: வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவைகளுக்கு இல்லை. மசோதாவைக் குழுவுக்கு அனுப்பலாம், தள்ளிப்போடலாம், கிடப்பில் போடலாம். அந்தக் காங்கிரஸின் ஈராண்டுக் காலம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தோற்பது உறுதி என்று தெரிந்தால் தலைமை வாக்கெடுப்புக்கே போகாமல் விட்டுவிடுவதும் உண்டு. தோற்றாலும் பரவாயில்லை, தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் பெயர்களைப் பதிய வைக்கலாம் என்று வேண்டுமென்றே வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதும் உண்டு.

மூன்றில் இரண்டு என்றால் எதில் மூன்றில் இரண்டு? செனட்டில் 67 வாக்குகள் கட்டாயமா?

கட்டாயமில்லை. அவை நடப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தால், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு போதும். 1919-இல் ஒரு ரயில்வே நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பிரதிநிதிகள் சபையில் 290, செனட்டில் 67 என்ற எண்கள் ஒருவர் விடாமல் எல்லோரும் வந்து வாக்களித்தால் மட்டுமே பொருந்தும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு 1972 அக்டோபர் மாதத்து நீர்மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நல்ல சான்று. செலவு அதிகம் என்று கூறி அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அக்டோபர் 17 நள்ளிரவு நெருங்கும் வேளையில் அதை வீட்டோ செய்தார். தேர்தல் காலம் என்பதால் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் தொகுதிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தனர். இருந்தும் மறுநாளே செனட் 52-க்கு 12 என்ற கணக்கிலும், பிரதிநிதிகள் சபை 247-க்கு 23 என்ற கணக்கிலும் வீட்டோவை முறியடித்தன. 52 என்பது முழுச் செனட்டில் பாதியைச் சற்றே தாண்டிய எண்தான். இன்றும் அமெரிக்க ஆறுகளின் தூய்மைக்கு அடிப்படையாக இருப்பது அந்தச் சட்டமே.

வீட்டோ முறியடிக்கப்படுவது எவ்வளவு அரிது?

ஜார்ஜ் வாஷிங்டன் காலம் முதல் 2025 ஜனவரியில் ஜோ பைடனின் பதவிக்காலம் முடிந்தது வரை ஏறத்தாழ 2,600 வீட்டோக்கள் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் 112 மட்டுமே முறியடிக்கப்பட்டன. பாக்கெட் வீட்டோவை முறியடிக்க வழியே இல்லை என்பதால் அவற்றைக் கழித்துவிட்டு, திருப்பி அனுப்பப்பட்ட சுமார் 1,500 மசோதாக்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு ஏழு என்ற அளவுதான் வருகிறது.

எண்ணிக்கையில் முன்னிற்பவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்: 12 ஆண்டுகளில் 635. அடுத்து குரோவர் கிளீவ்லாண்ட், இரண்டு தவணைகளில் 584. அவற்றில் கணிசமானவை தனிநபர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சிறு மசோதாக்கள். ஆகவே இந்த எண்களை வைத்து யார் பிடிவாதமான அதிபர் என்று முடிவுகட்டுவது பொருத்தமாகாது. ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் உள்ளிட்ட ஏழு அதிபர்கள் ஒரு மசோதாவைக்கூட மறுத்ததில்லை. முதன்முதலாக முறியடிக்கப்பட்ட வீட்டோ ஜான் டைலருடையது. 1845 மார்ச் 3 அன்று, அவர் பதவியில் இருந்த கடைசி முழு நாளில் அது நடந்தது. அதிக முறை தோற்றவர் ஆண்ட்ரூ ஜான்சன்: அவருடைய 29 வீட்டோக்களில் 15 முறியடிக்கப்பட்டன. பராக் ஒபாமாவுக்கும், முதல் தவணையில் டொனால்ட் டிரம்புக்கும் ஒவ்வொன்று. பைடனின் 13 வீட்டோக்களில் ஒன்றும் முறியடிக்கப்படவில்லை.

மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியிருந்தால் வீட்டோவும் எளிதாக முறியடிக்கப்படும் அல்லவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மசோதாவுக்கு வாக்களிப்பது வேறு, சொந்தக் கட்சி அதிபரை ஊரறியத் தோற்கடிப்பது வேறு. இரண்டாவது வாக்கெடுப்பில் கேள்வியே மாறிவிடுகிறது. 2020 டிசம்பரில் ராணுவ நிதிச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபை 335-க்கு 78 என்று நிறைவேற்றியது. டிரம்ப் அதை வீட்டோ செய்த பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 322 ஆகக் குறைந்து எதிர்ப்பு 87 ஆக உயர்ந்தது. அங்கே இடைவெளி பெரிது என்பதால் வீட்டோ வீழ்ந்தது. செனட்டும் 2021 புத்தாண்டு நாளில் கூடி 81-க்கு 13 என்று முறியடித்தது.

இடைவெளி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 1987-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை மசோதாவைத்தான் சொல்ல வேண்டும். சுமார் 88 பில்லியன் டாலர் சாலைப் பணிகளுக்கு ஒதுக்கிய அந்த மசோதா, ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 55 மைலிலிருந்து 65 மைலாக உயர்த்தவும் இடம் தந்தது. தேவையற்ற தொகுதிச் செலவுகள் நிறைந்தது என்று ரொனால்ட் ரேகன் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 350-க்கு 73 என்று எளிதில் முறியடித்தது. செனட்டில் ஏப்ரல் 1 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது, வட கரோலினாவிலிருந்து அப்போதுதான் செனட்டுக்கு வந்திருந்த ஜனநாயகக் கட்சியின் டெர்ரி சான்ஃபோர்ட் முதலில் எந்தப் பக்கமும் சேராமல் நின்றார். பிறகு வீட்டோவுக்கு ஆதரவாக வாக்களித்தார். முறியடிப்பு கைநழுவியது. உடனே பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பேர்ட் தன் சொந்த வாக்கைத் தோற்ற பக்கத்திலிருந்து வென்ற பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். வென்ற பக்கத்தில் இருப்பவர்தான் மறுவாக்கெடுப்பு கோர முடியும் என்பது அவை விதி. அதற்காகவே அந்த மாற்றம். பதிவான கணக்கு 65-க்கு 35.

மறுநாள் ரேகன் தாமே காங்கிரஸ் கட்டடத்துக்கு வந்து, தமக்கு எதிராக வாக்களித்த 13 குடியரசுக் கட்சி செனட்டர்களைச் சந்தித்துக் கேட்டுக்கொண்டார். ஒருவர்கூட மனம் மாறவில்லை. சான்ஃபோர்ட் மாறினார். 67-க்கு 33. ஒரே ஒரு வாக்கு அந்தப் பக்கம் போயிருந்தாலும் வீட்டோ நின்றிருக்கும்.

வரலாற்றில் முறியடிக்கப்பட்ட பெரிய வீட்டோக்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று, அதிபரின் சொந்தக் கட்சியில் ஒரு பகுதி அவரைக் கைவிட்டிருக்கும் என்பதுதான். 1947-இல் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்திய டாப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் ஹாரி ட்ரூமனை அவருடைய ஜனநாயகக் கட்சியினரே பெருமளவில் கைவிட்டனர். 1986-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான தடைச் சட்டத்தை ரேகன் வீட்டோ செய்தபோது, அவருடைய கட்சியின் கையில் இருந்த செனட்டே 78-க்கு 21 என்று அவரை மீறியது.

அதிபர் எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் மறுக்கலாமா?

மறுக்கலாம். காரணங்களை எழுத வேண்டும் என்றுதான் விதி. எந்தக் காரணம் செல்லும் என்று விதி இல்லை. ஆனால் தொடக்ககால அதிபர்கள் பெரும்பாலும் அரசியலமைப்புக்கு முரண் என்று தோன்றியபோதே வீட்டோவைக் கையில் எடுத்தார்கள். வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5 அன்று செய்த முதல் வீட்டோ அத்தகையது. 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் பிரதிநிதி கூடாது என்று அரசியலமைப்பு சொல்ல, இடங்களைப் பங்கிட்ட மசோதா எட்டு மாநிலங்களுக்கு அந்த அளவை மீறிக் கொடுத்திருந்தது. அமைச்சர்களில் ஜெபர்சனும் ராண்டால்பும் மறுக்கச் சொன்னார்கள், ஹாமில்டனும் நாக்ஸும் ஒப்பமிடச் சொன்னார்கள். வாஷிங்டன் மறுத்தார், காங்கிரஸும் பணிந்து புதிய மசோதாவை நிறைவேற்றியது.

இந்த வழக்கத்தை உடைத்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1832-இல் அமெரிக்க வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை மறுத்தபோது, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒன்றாயினும் தம் கருத்தில் அது அரசியலமைப்புக்கு முரண் என்றதோடு, செல்வந்தர்களுக்கு ஏழைகள் செலவில் சலுகை தருவது என்றும் நீண்ட மறுப்புச் செய்தி எழுதினார். அது காங்கிரஸைவிட வாக்காளர்களை நோக்கியே எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் வென்றும் விட்டார். அன்றுமுதல் கொள்கை வேறுபாடே போதுமான காரணம்.

எதிர்ப்பக்கமான காங்கிரஸின் உச்சம் 1866. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சம உரிமையும் தந்த குடிமை உரிமைகள் சட்டத்தை ஆண்ட்ரூ ஜான்சன் வீட்டோ செய்தார். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு நியூ ஜெர்சியின் ஜான் ஸ்டாக்டன் என்ற செனட்டரின் தேர்வு செல்லாது என்று அவரைச் செனட் வெளியேற்றியது. அவர் இருந்திருந்தால் ஜான்சனுக்குத்தான் வாக்களித்திருப்பார். கணக்கு 33-க்கு 15, தேவைப்பட்டது 32. முக்கியமான ஒரு சட்டம் அதிபரை மீறி நிறைவேறியது அதுவே முதல்முறை. நோக்கம் உயர்ந்தது, எண்ணிக்கையைத் திரட்டிய விதம் அவ்வளவு உயர்ந்தது அல்ல.

பாக்கெட் வீட்டோவில் ஏன் இவ்வளவு சர்ச்சை?

திருப்பி அனுப்பப்படாத மசோதாவை மறுபரிசீலனை செய்ய முடியாது. ஆகவே பாக்கெட் வீட்டோ, அரசியலமைப்பை வகுத்தவர்கள் தர மறுத்த அதே முழுமையான தடையைப் பின்வாசல் வழியாக அதிபருக்குக் கொடுத்துவிடுகிறது. ஈராண்டுக் காலம் முடிந்து காங்கிரஸ் கலையும்போது இதில் ஐயமே இல்லை. நடுவில் வரும் விடுமுறைகளில்தான் சிக்கல்.

1970 கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் காங்கிரஸ் சில நாள்கள் கலைந்திருந்தபோது, குடும்ப மருத்துவர் பயிற்சிக்கு நிதி தரும் மசோதா ஒன்றை நிக்சன் ஒப்பமிடாமல் வைத்துக்கொண்டு, அது காலாவதியாகிவிட்டது என்றார். செனட்டில் 64-க்கு 1, பிரதிநிதிகள் சபையில் 346-க்கு 2 என்று நிறைவேறியிருந்த மசோதா அது. திருப்பி அனுப்பியிருந்தால் நிச்சயம் முறியடிக்கப்பட்டிருக்கும். செனட்டர் எட்வர்ட் கென்னடி வழக்குத் தொடுத்தார். அவையின் அலுவலர் ஒருவர் மறுப்புச் செய்தியைப் பெற்றுக்கொள்ள இருக்கும்போது திருப்பி அனுப்ப வழியில்லை என்று சொல்ல முடியாது என 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மசோதா சட்டமானது. பிற்பாடு வந்த அதிபர்களில் சிலர், பாக்கெட் வீட்டோ செய்கிறேன் என்று அறிவித்துக்கொண்டே, பாதுகாப்புக்காக மசோதாவையும் திருப்பி அனுப்பிவைத்தார்கள். சட்ட ஐயத்துக்கு இரண்டு படகிலும் கால் வைத்த தீர்வு.

வீட்டோ செய்யாமலேயே அதனால் பயன் உண்டா?

பயனில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு மசோதா அவையில் விவாதத்துக்கு வரும்போதே, அதிபரின் நிர்வாக மற்றும் நிதிநிலை அலுவலகம் அரசின் நிலைப்பாட்டை அறிக்கையாக வெளியிடும். இந்த வடிவில் வந்தால் அதிபர் வீட்டோ செய்வார் என்றோ, வீட்டோ செய்யும்படி ஆலோசகர்கள் பரிந்துரைப்பார்கள் என்றோ அதில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உறுப்பினர்களின் ஊழியர்கள் நன்றாகவே படிப்பார்கள். இரண்டாவது என்றால் பேச்சுவார்த்தைக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் கைவிடப்படும் பிரிவுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

மசோதாவில் பிடிக்காத பகுதியை மட்டும் நீக்க முடியுமா?

அதிபரால் முடியாது, முழுவதையும் ஏற்க வேண்டும் அல்லது முழுவதையும் மறுக்க வேண்டும். 1996-இல் காங்கிரஸே ஒரு சட்டம் இயற்றி, செலவினங்களில் தனித்தனி இனங்களை நீக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. பில் கிளின்டன் 1997-இல் 11 சட்டங்களிலிருந்து 82 இனங்களை நீக்கினார். அவற்றில் 38 ராணுவக் கட்டுமானப் பணிகளைக் காங்கிரஸ் அவரது வீட்டோவை முறியடித்து மீட்டுக்கொண்டது. நியூயார்க் நகரமும் ஐடஹோவின் உருளைக்கிழங்கு விவசாயிகளும் தொடுத்த வழக்குகளில், இரு அவைகளும் நிறைவேற்றாத ஒரு வாசகத்தை அதிபர் தாமே உருவாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூனில் 6-க்கு 3 என்று கூறி அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

மாநிலங்களில் நிலைமை வேறு. பெரும்பாலான ஆளுநர்களுக்கு ஏதோ ஒரு வடிவில் பகுதி வீட்டோ உண்டு. முறியடிக்கத் தேவையான அளவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கென்டக்கியிலும் அலபாமாவிலும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் போதும், ஒரே அவை கொண்ட நெப்ராஸ்காவில் 49-இல் 30 வேண்டும். வட கரோலினா ஆளுநருக்கு 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை வீட்டோவே இல்லை.

விஸ்கான்சின் மாநிலம் தனிக்கதை. அங்கே ஆளுநர் ஒதுக்கீட்டு மசோதாக்களில் சொற்களையும் எண்களையும் அடித்துவிடலாம். எழுத்துகளைத் தனித்தனியே அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதை வாக்காளர்கள் 1990-இல் தடைசெய்தனர். வெவ்வேறு வாக்கியங்களை ஒட்டிப் புது வாக்கியம் செய்வதை 2008-இல் தடைசெய்தனர். 2023-இல் ஆளுநர் டோனி எவர்ஸ் முன் வந்த மசோதா, 2023-24, 2024-25 ஆகிய இரு கல்வியாண்டுகளுக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் பள்ளி வருவாய் உயர்வுக்கு இடமளித்தது. எவர்ஸ் சில சொற்களையும், 20 என்ற இலக்கங்களையும், ஓர் இணைப்புக்கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2425. இரண்டு ஆண்டு உயர்வு 402 ஆண்டு உயர்வாயிற்று. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த வீட்டோ செல்லும் என்று முடிவானது.

காங்கிரஸுக்கும் ஒரு வீட்டோ உண்டு என்கிறார்களே?

முன்பு இருந்தது. அரசுத் துறைகளுக்கு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, பிடிக்காவிட்டால் ஓர் அவையோ இரு அவைகளுமோ அதிபரிடம் போகாமலேயே ஒரு தீர்மானத்தால் அந்த முடிவை ரத்து செய்யலாம் என்று பல சட்டங்களில் எழுதிவைத்திருந்தார்கள். கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, மாணவராக அமெரிக்கா வந்த ஜகதீஷ் ராய் சட்டா என்பவரின் வழக்கில் அது முடிவுக்கு வந்தது. விசா காலாவதியான அவரை வெளியேற்ற வேண்டாம் என்று 1974-இல் குடியேற்ற நீதிபதி முடிவுசெய்தார். அப்படி முடிவான 340 பேரில் ஆறு பேரின் பெயரை மட்டும் பொறுக்கி, 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை தனித் தீர்மானத்தால் அந்த முடிவைத் திருப்பிப்போட்டது. சட்டாவும் அவர்களில் ஒருவர். ஒருவரின் சட்ட நிலையை மாற்ற வேண்டுமானால் இரு அவைகளும் நிறைவேற்றி அதிபரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்தது.

சட்டாவுக்கு நீதி கிடைத்தது. அதிபருக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது என்பதே என் கணிப்பு. 1976-ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தின்படி அதிபர் அறிவிக்கும் அவசரநிலையை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் முடித்துவைத்திருக்க முடியும். இந்தத் தீர்ப்புக்குப் பின், 1985-இல், அதை அதிபரின் ஒப்பம் தேவைப்படும் கூட்டுத் தீர்மானமாக மாற்ற வேண்டியதாயிற்று. 2019 பிப்ரவரியில் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அவசரநிலை அறிவித்தபோது இதன் விளைவு தெரிந்தது. பிரதிநிதிகள் சபை 245-க்கு 182, செனட் 59-க்கு 41 என்று அதை முடித்துவைத்தன. செனட்டில் அதிபரின் சொந்தக் கட்சியிலேயே 12 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். டிரம்ப் மார்ச் 15 அன்று வீட்டோ செய்தார். முறியடிக்க முயன்றபோது பிரதிநிதிகள் சபையில் 248-க்கு 181. 38 வாக்குகள் குறைவு. கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க, கொடுக்கும்போது தேவைப்பட்டதைவிடப் பெரிய பெரும்பான்மை தேவைப்படுகிறது.

முறியடிக்கப்பட்ட பிறகு அதிபர் வேறு ஏதேனும் செய்ய முடியுமா?

சட்டம் உருவாவதைத் தடுக்க முடியாது. மசோதா மறுபடி வெள்ளை மாளிகைக்கு வராது. அவை அலுவலர்களின் சான்றோடு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பதிவாகிவிடும். காங்கிரஸே பிறகு மனம் வருந்தினாலும் வேறு சட்டம் இயற்றித்தான் மாற்ற வேண்டும். 2016 செப்டம்பரில், 2001 தாக்குதலில் பலியானோரின் குடும்பத்தினர் வெளிநாட்டு அரசுகள் மீது வழக்குத் தொடர வழிசெய்த மசோதாவில் ஒபாமாவின் வீட்டோவைச் செனட் 97-க்கு 1 என்று முறியடித்தது. அதே வாரத்தில் இரு கட்சித் தலைவர்களும் சட்டத்தின் பின்விளைவுகள் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். சட்டம் அப்படியே நின்றது.

சட்டத்தை நிறைவேற்றும் கட்டத்தில் இழுத்தடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. மேலே சொன்ன நீர்மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தோற்ற நிக்சன், அடுத்த மாதமே அந்தச் சட்டம் நகரங்களின் கழிவுநீர்ப் பணிகளுக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதியை விடுவிக்க வேண்டாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு உத்தரவிட்டார். வீட்டோவால் முடியாததைப் பணப்பெட்டியைப் பூட்டிச் சாதிக்கும் முயற்சி. நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. 1975-இல் உச்ச நீதிமன்றம், முழுத் தொகையையும் ஒதுக்க வேண்டும் என்பதே சட்டம், அதைக் குறைக்கும் அதிகாரத்தை அது நிர்வாகத்துக்குக் கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் நிக்சன் பதவியை விட்டே போயிருந்தார்.